ஆம்ப்ளிஃபயருக்குப் பெண் பார்த்தேன்

இனிமேல் இந்த வீட்டு ஹாலில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது!

இந்தத் தீர்மானம் 2001-ஆம் வருஷம் ஆடிப்பெருக்கு அன்று, சித்ரான்னம் சாப்பிட்ட கை காய்வதற்குள் நிறைவேறியது. முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். எதிர்த்து ஓட்டுப் போட வேண்டியவள் சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

பயப்படாதீர்கள், எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் டீவிக்குள் இருந்தார்கள். விளக்கு வைத்த நேரத்தில் ஒரு மருமகள் ஆரம்பிப்பாள். அவள் களைத்துப் போனதும் அடுத்த சீரியலில் ஒரு மாமியார் தொடர்வாள். நான் செங்கல்பட்டில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் தொங்கிக்கொண்டு புதுப்பட்டினம் வந்து சேர்ந்தால், வாசலிலேயே ஒப்பாரி வரவேற்கும். ஒரே பையன் ஷ்ரவண் திருச்சியில் ஹாஸ்டல். வீட்டில் நானும் என் மனைவி ரமாவும்தான். அதாவது ரமாவும், சீரியல் குடும்பங்களும், ஓரமாக நானும்.

எனக்கு ஆசை ஒன்றே ஒன்று. சாயங்காலம் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, நல்ல ஸ்பீக்கரில் ஒரு வயலின் ஆலாபனை கேட்க வேண்டும். வில் தந்தியில் உரசுவது காதில் விழ வேண்டும். அந்த வருஷம் சம்பள அரியர்ஸ் வேறு வந்திருந்தது. ஆகவே தீர்மானம்.

"ரமா!"

"என்னன்னா?"

"டீவி உள் ரூமுக்குப் போகப் போறது."

"சரி."

"ஹால்ல பெரிய ஸ்பீக்கர் வரப் போறது. ஒண்ணு இல்லே, ரெண்டு."

"சரி."

"ஆம்ப்ளிஃபயர் வேற."

"சரி. இன்னொரு அப்பளம் போடட்டுமா?"

எங்கள் தாம்பத்தியத்தில் ரமா வரிசையாக இத்தனை 'சரி' சொன்னதே கிடையாது. புத்திசாலி எவனாக இருந்தாலும் அப்போதே உஷாராகியிருப்பான். நான் இன்னொரு அப்பளம் வாங்கிக்கொண்டேன்.

என் நிபுணர் குழுவில் ஒரே உறுப்பினர், பக்கத்து வீட்டு ஜெரோம். 'ஜெரோம் சவுண்டு சர்வீஸ்' என்றால் கல்பாக்கம் வட்டாரம் முழுக்கத் தெரியும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மாதா கோயில் திருவிழா, எல்லாக் கட்சிப் பொதுக்கூட்டம், எல்லாவற்றுக்கும் அவனுடைய குழாய் ஸ்பீக்கர்தான். அவன் தெருமுனையில் நின்று 'மைக் டெஸ்டிங்' என்றால் கடலுக்குள் இருக்கும் கட்டுமரம் திரும்பிப் பார்க்கும். அவன் மனைவி ரெபேக்காளும் ரமாவும் உயிர்த் தோழிகள். எங்கள் வீட்டு ரசமும் அவர்கள் வீட்டு முட்டை போடாத கேக்கும் மதில் சுவரைத் தாண்டி நாள்தோறும் போய்வரும்.

ஆம்ப்ளிஃபயர் முதலில் அமைந்துவிட்டது. கறுப்பு நிறம், நல்ல கனம், நடுவில் ஒரே ஒரு திருகு. அதைத் திருப்பும்போது கைக்குத் தெரிகிற அந்த மெத்தென்ற இழைவுக்கே அரியர்ஸில் பாதியைக் கொடுக்கலாம். கொடுத்தேன். ஆனால் ஆம்ப்ளிஃபயர் மாப்பிள்ளை மாதிரி. பொருத்தமான ஸ்பீக்கர் அமையாவிட்டால் எவ்வளவு படித்திருந்தும் பிரயோஜனம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ளிஃபயரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரமாவையும் கூட்டிக்கொண்டு, மெட்ராஸில் ஒரு பெரிய கடைக்குப் பெண் பார்க்கப் போனேன்.

பஸ்ஸில் அவளுக்குப் பாடம் எடுத்தேன்.

"நாலு ஓம்ஸ் ஸ்பீக்கர்னு ஒண்ணு இருக்கு ரமா. அது கரண்டை ஜாஸ்தி இழுக்கும். நம்ம ஆம்ப்ளிஃபயர் திணறிப் போயிடும். எட்டு ஓம்ஸ்தான் ஒத்துப் போகும்."

"அதாவது செலவாளிப் பொண்ணு. சம்பாத்தியம் போறாத மாப்பிள்ளை."

"கரெக்ட்!" அசந்துபோனேன். "அப்புறம் சென்ஸிடிவிட்டின்னு ஒண்ணு. துளி பவர் குடுத்தாலும் பெரிசாப் பாடணும்."

"ஒரு வார்த்தை சொன்னா பத்து வார்த்தை திருப்பிச் சொல்லணும்."

"அதேதான்!"

"அந்தப் பொருத்தம் நமக்கு அமோகமா இருக்கு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடையில் முதலில் காட்டிய ஜோடி பார்க்க லட்சணம். பாடச் சொன்னால் என் ஆம்ப்ளிஃபயருக்கு மூச்சு வாங்கியது. தொட்டுப் பார்த்தால் தோசைக்கல். அடுத்த ஜோடிக்கு வாய் பெரிது, மிருதங்கம் மட்டும் கேட்டது, பாடகர் எங்கோ வெளியே போயிருந்தார். அதற்கப்புறம் வந்தது ஒரு ஜோடி. தேக்கு நிறம். இடுப்புயரம். எட்டு ஓம்ஸ். கடைக்காரர் ஒரு வயலின் சி.டி.யைப் போட்டார். நான் கண்ணை மூடினேன். வில் இழைந்தது. வித்வான் மூச்சு விடுவது கேட்டது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சீரியல் பார்த்து அழுகிறவர்களைக் கேலி செய்கிற நான் ஸ்பீக்கர் கேட்டு அழுதேன். வெட்கப்படவில்லை.

கண்ணைத் திறந்தபோது ரமா கடைக்காரரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரைக் காட்டினாள், தரையைக் காட்டினாள், கூரைப் பக்கம் காட்டினாள். ஃபேன் போடச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பொண்ணு பிடிச்சிருக்கா?" என்றாள் என்னிடம்.

"முகூர்த்தத்துக்கு நாள் பார்" என்றேன்.

ஸ்பீக்கர்கள் வேனில் வந்து இறங்கின. டீவியை நானே உள் ரூமுக்குத் தள்ளினேன். அது ஜன்னல் இல்லாத ரூம். பழைய பாய், தகர டிரங்குப் பெட்டி, கொசு, இப்போது டீவி. ரமா முணுமுணுக்கக்கூட இல்லை. ஸ்பீக்கர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஆரத்தி எடுத்தாள். நான் தலைவாரிக்கொண்டு, நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திருகைத் திருப்பினேன்.

வித்வான் கிணற்றுக்குள் இருந்து வாசித்தார்.

ஒயரைக் கழற்றி மாட்டினேன். ஸ்பீக்கரை நகர்த்தினேன். அதே கிணறு. மெட்ராஸில் கண்ணீர் வரவழைத்த அதே ஜோடி! சுவர் வழியாக ஜெரோமைக் கூப்பிட்டேன். அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். ஹால் நடுவில் நின்று படாரென்று கை தட்டினான். ஹால் திருப்பித் தட்டியது.

"இன்னா சார் இது? மொசைக்குத் தரை. மொட்டச் செவுரு. சத்தம் போயி முட்டிகினு திரும்பி உன் மேலயே வந்து வுழுது. ஸ்பீக்கர் மேல குத்தம் இல்ல சார். ரூமு! ரூமு!"

"இப்ப என்ன பண்ணணும்?"

"ஜன்னலுக்கு நல்லா கனமா கர்ட்டன் போடு. மேலேர்ந்து கீழ வரிக்கும்."

இங்கே ஒரு சங்கடம். ரமா புதுமனை புகுந்த நாளிலிருந்து கர்ட்டன் கேட்டுக்கொண்டிருந்தாள். 'நம்மை யார் எட்டிப் பார்க்கப் போறா?' என்று நானும் மறுத்துக்கொண்டே இருந்தேன். இப்போது நானே போய்க் கர்ட்டன் என்றால் அவள் சிரிப்பாள். ஆனாலும் இது விஞ்ஞானம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"கர்ட்டனா?" என்று சீறினாள் ரமா. "எதுக்கு? நம்மை யார் எட்டிப் பார்க்கப் போறா?"

என் வசனம்! என்னிடமே!

"உனக்கு இதெல்லாம் புரியாது. சத்தம் முட்டிண்டு திரும்பறது."

"அதுக்காக தண்டச் செலவா? நான் ஒத்துக்கவே மாட்டேன்."

"போட்டே தீருவேன்!"

"என் பேச்சுக்கு இந்தாத்துல மரியாதையே இல்லை!"

"இல்லைதான்!" என்றேன். சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றேன். ஒன்றும் பறந்து வரவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயித்திருந்தேன்! பாவம், தோற்றவளுக்கு ஓர் ஆறுதலாக நிறத்தை அவளையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அரக்கு நிறம், ஓரத்தில் தங்க ஜரிகை. மனசில் முன்பே இருந்த மாதிரி டக்கென்று சொன்னாள்.

கர்ட்டன் வந்ததும் வித்வான் கிணற்றிலிருந்து பாதி ஏறி வந்தார். மீதிப் பாதி தரையில் இருக்கிறது என்றான் ஜெரோம். கார்ப்பெட். ரமா பலமாக எதிர்த்தாள். யார் பெருக்குவது, யார் தட்டுவது என்றாள். வாங்கினேன். அப்புறம் உட்காருகிற இடம்.

"இந்த ஒயர் நாற்காலி கிர்ரு கிர்ருன்னு அதுருது சார். நல்ல மெத்தையா ஒரு சோபா போட்டா சத்தத்த அப்டியே அமுக்கிக்கும்" என்றான்.

"எங்கப்பா சீதனமாக் குடுத்த ஒயர் நாற்காலி! அதைத் தொட்டேளோ, நான் திருவிடந்தைக்கு எங்காத்துக்கே போயிடுவேன்!" என்று ரமா கண்ணைக் கசக்கினாள். நான் அசையவில்லை. சோபா வந்து இறங்கிய அன்று ஒயர் நாற்காலியைப் பழைய சாமான்காரனிடம் அவளே தூக்கிக் கொடுத்தாள். மனசு ஒடிந்துவிட்டது, பாவம்.

கடைசிப் போர்தான் பெரிய போர். ஜெரோம் எங்கள் ஜன்னல் கொக்கியைப் பிடித்து ஆட்டினான். துரு உதிர்ந்தது.

"பாத்தியா? கடல் காத்து. உப்பு. நாளைக்கு உன் ஆம்ப்ளிஃபயரு உள்ள இதே மாரிதான் பூடும். அப்பறம் பேஜாரு. ஜன்னல அல்லாம் மூடிட்டு ஒரு ஏசி போட்டுக்கோ."

ஏசி! அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் ஐஸ் பெட்டி வைத்த மீன் வண்டிதான் குளிர்ச்சிக்கு எல்லை. ரமாவிடம் சொன்னதும் அவள் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"ஏசி காத்து எனக்கு ஒத்துக்காதுன்னா. மூட்டு பிடிச்சுக்கும்."

"போர்த்திக்கோ."

"கரண்ட் பில்லு?"

"அது என் கவலை."

"மனுஷாளுக்குப் போடாத ஏசியைப் பெட்டிக்குப் போடறேளே, ஊர் சிரிக்காதா?"

"சிரிக்கட்டும்! இந்தாத்துல நான் வச்சதுதான் சட்டம்!"

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். ஜன்னல் திறந்திருந்தது, ரெபேக்காள் சாட்சி.

அந்த ஹாலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அரக்குக் கர்ட்டன், மெத்தென்ற கார்ப்பெட், சாய்ந்தால் எழுந்திருக்க மனசு வராத சோபா, ஜில்லென்ற ஏசி. ஒவ்வொன்றும் ரமாவை எதிர்த்து நான் பெற்ற வெற்றிச் சின்னம். ஒரு சின்ன விஷயம், அந்த ஏசி ஓடும்போது லாரி ஏற்றத்தில் ஏறுகிற சத்தம் வரும். பாட்டுக் கேட்க வேண்டுமானால் அதை அணைக்க வேண்டும். ஜன்னலெல்லாம் அடைத்த ஹாலில், புரட்டாசிப் புழுக்கத்தில், வேஷ்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு கேட்டேன். அதனால் என்ன? வித்வான் கிணற்றை விட்டு வெளியே வந்து, கார்ப்பெட்டில் எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசித்தார். ஒவ்வொரு கமகமும் தொட்டுவிடலாம் போல இருந்தது. இந்த உலகத்தில் நினைத்ததைச் சாதித்த ஆம்பிளைகள் சில பேர்தான், அதில் நான் ஒருவன்.

அந்த வாரக் கடைசியில் ஜெரோம் வந்து உட்கார்ந்து கேட்டான். உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னும் தொறக்கல சார்."

"எது?"

"ஸ்பீக்கரு. புதுசு இல்ல? புதுச் செருப்பு மாரி. போட்டு நடந்தாதான் பழகும். ரன்-இன்னுன்னு சொல்லுவாங்க. தெனம் ஓடிகினே இருக்கணும். அப்பதான் உள்ள இருக்கறது தளர்ந்து, சத்தம் அப்டியே பூவா வரும்."

"நான் தினமும் போடறேனே!"

"நீ பாட்டு மட்டும் போடற. அது ஆவாது. பேச்சு, சிரிப்பு, அழுவாச்சி, இடி, கதவ அறைஞ்சு சாத்துறது, அல்லாம் கலந்து ஓடணும். இல்லாங்காட்டி ஸ்பீக்கரு ஒரே பாட்டுக்குப் பழகிப் பூடும்."

"இதெல்லாம் சேர்ந்து எங்கேப்பா கிடைக்கும்?"

அவன் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான்.

"சீரியல்லதான் சார்" என்றான்.

இடி விழுந்த மாதிரி இருந்தது. அழுகைச் சத்தத்தை ஹாலிலிருந்து துரத்தியவனே அதைத் திரும்ப அழைப்பதா? ஆனால் கொஞ்ச காலம்தானே? அதற்கப்புறம் பூவாக வரும் என்கிறானே? நான் பகலெல்லாம் செங்கல்பட்டில் இருக்கிறவன். வீட்டில் இருந்து ஸ்பீக்கரைப் பழக்கக் கூடியவள் ஒருத்திதான். உள் ரூமுக்குப் போனேன். ரமா டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, கொசு அடித்தபடி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாது" என்றாள், முழுவதும் கேட்பதற்கு முன்பே.

"ரமா, ப்ளீஸ்."

"டீவி ஹாலுக்கு வரப்படாதுன்னு தீர்மானம் போட்டேளே?"

"அது டீவி பார்க்கறதுக்கு. இது ரன்-இன்."

"எனக்கு இந்த ரூமே போறும். கொசுவெல்லாம் பழகிடுத்து."

"எனக்காக ரமா."

"அந்த ஏசிக் குளிர்ல, அந்த சோபாவுல, சாயந்தரம் பூரா உட்காரணுமா?"

"கொஞ்ச நாளைக்குத்தான்."

"அப்போ ராத்திரி சமையல்?"

"நான் பார்த்துக்கறேன்."

சொன்னதற்கப்புறம்தான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. ரமா நீளமாகப் பெருமூச்சு விட்டாள். "உங்களுக்காகத்தான் ஒத்துக்கறேன்" என்றாள்.

டீவியை நானே தூக்கிக்கொண்டு வந்து ஹாலில் வைத்தேன். ஒயர் வாங்கி வந்து ஆம்ப்ளிஃபயரில் இணைத்தேன். ஒரு பக்கம் வருத்தம்தான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள், முரண்டு பிடித்த பெண்டாட்டியையே மசியவைத்து, அவளைக் கொண்டே ஸ்பீக்கரைப் பழக்குகிற சாமர்த்தியம் எத்தனை பேருக்கு வரும்?

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தால் வாசலில் கல்யாண மண்டபம் மாதிரி செருப்புகள். கதவைத் திறந்தேன். ஜில்லென்றிருந்தது. ஏசி முழு மூச்சாக ஓடியது. அதன் சத்தத்தைச் சீரியல்காரர்கள் அநாயாசமாக மீறிக் கத்தினார்கள். கார்ப்பெட்டில் ரெபேக்காள், அவள் தங்கை அன்பரசி, பூக்கட்டும் காசியம்மாள், இன்னும் எனக்குப் பேர் தெரியாத பாதித் தெரு. சோபாவின் நட்டநடுவில், இரண்டு ஸ்பீக்கரின் சத்தமும் வந்து கூடுகிற அந்தப் புண்ணிய ஸ்தலத்தில், சால்வை போர்த்திக்கொண்டு ரமா.

நியாயமாகச் சொல்ல வேண்டும். சத்தம் அபாரம். கதவு இடது பக்கம் அறைந்து சாத்திக்கொண்டது, இடி வலது பக்கம் இடித்தது, மாமியார் நடு ஹாலில் நின்று விக்கினாள். மூக்கை உறிஞ்சுவதுகூடத் தனியாகக் கேட்டது. அரியர்ஸ் வீண் போகவில்லை.

"வந்துட்டேளா? பருப்பு ஊறப் போட்டிருக்கேன்" என்றாள் ரமா, திரும்பாமல்.

ஸ்பீக்கருக்கு ரன்-இன். எனக்கு ரன்-அவுட்.

நான் பொறுத்துக்கொண்டேன். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். சனி ஞாயிறு என் முறை என்றேன். ஒரு நாள் விட்டாலும் ஸ்பீக்கர் இறுகிப்போய்விடும் என்று ஜெரோம் சொல்லியிருப்பதாக ரமா சொன்னாள். ஆகவே சனி ஞாயிறு சினிமா ஓடியது.

"ஆச்சா ரமா? பழகிடுத்தா?"

"ஊஹூம். அந்த 'தும் தும்' பாஸ் இன்னும் இறுக்கமாவே இருக்கு. நேத்து ஒருத்தன் மாடிப்படியில உருண்டான், வறட்டுச் சத்தம்."

"மிட்-ரேஞ்ச்?"

"மருமகள் பேசினா நன்னா இருக்கு. மாமனார் பேசினாதான் மூக்கடைச்சாப்ல இருக்கு."

"அவருக்கு ஜலதோஷமா இருக்கலாமே?"

"அது தெளிவாத் தெரியற வரைக்கும் ஓடணும்."

தீபாவளி வந்தது, போனது. மாமனாருக்கு ஜலதோஷம் விடவில்லை. என் வயலின் சி.டி. மேல் தூசி படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே துக்கமும் கோபமும் பொங்கின. கர்ட்டனில் ஜெயித்தவன் நான். சோபாவில் ஜெயித்தவன் நான். ஏசியில் ஜெயித்தவன். இந்தக் கடைசிக் கோட்டையையா விட்டுவிடுவேன்? ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ரசக் கரண்டியை வைத்துவிட்டு, சி.டி.யைக் கையில் ஏந்தி, ஹாலுக்குள் புகுந்து டீவிக்கு முன்னால் நின்றேன்.

"போதும்! இன்னிக்கு வயலின்!"

"ஐயோ, மறைக்குதே!" என்று பாதித் தெரு அலறியது. சோபா ஓரத்தில் என் ஒரே நிபுணன் ஜெரோம் முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தான். அவன் பக்கம் திரும்பினேன்.

"சொல்லு ஜெரோம். ரன்-இன் முடிஞ்சாச்சா, இல்லையா?"

"மாமியக் கேளு சார்" என்றான், என் இடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தபடி.

"உன்னைத்தான் கேட்கறேன்! நீதானே எனக்கு எல்லாம் சொன்னது? சீரியல் போட்டுத்தான் ஸ்பீக்கரைப் பழக்கணும்னு எந்தப் புஸ்தகத்துல படிச்ச?"

ஜெரோம் என்னை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் நிஜமான இரக்கம் இருந்தது.

"புஸ்தகமா? இன்னா சார் நீ! கர்ட்டன்லேர்ந்து ஏசி வரிக்கும் அல்லாத்தையும் மாமிதான் எனக்குச் சொல்லிக் குட்துச்சு. கொஞ்சம் ஓரமா குந்து சார், மறைக்குது."